மெய்யும் புள்ளியும்: கணினித் தமிழ் பற்றியதொரு விமரிசனம்

கண்டி நகரை அண்டிய ஓர் அலுவலகத்தின் சுவரில் ஒட்டப்பட்டிருந்த பெயர்ப் பட்டியலொன்றே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. கணினியில் அச்சிடப்பட்ட அப்பட்டியலிற் குறுகிய பெயர்கள் யாவும் பிழையின்றி இருந்தன. நீண்ட பெயர்கள் மட்டுமே இறுதிப் புள்ளியை இழந்தோ, ஈற்றெழுத்தே அற்றோ நின்றன. தோட்டப்புறத்து மூதாட்டியர் பலருடைய பெயர் 'அம்மாள்' என முடிவது வழக்கம். பட்டியலில் அவர்களிற் சிலர் 'அம்மாள' ஆகியிருந்தனர். அச்சுக்கோப்பவரின் கவனக்குறைவாயின் பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்திருக்கும். இங்கோ பிழையில் ஓர் ஒழுங்கு காணப்பட்டது. ஒழுங்குடைய பிழைக்குப் பின்னால் ஒரு கொள்கை இருத்தல் வேண்டும். அக்கொள்கை யாது, அது எங்கிருந்து வந்தது, அதனை நாம் எவ்வாறு மதிப்பிடுவது என்பனவே ஈண்டு நோக்கப்படுகின்றன.

'மீனாட்சியம்மாள்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழ் கற்ற சிறுவன் ஒருவன் இதில் 8 எழுத்துகள் உள்ளன என்பான். கணினியோ 15 என்னும். ககரத்துக்கு ஓர் எண், அதன்மேல் ஏறும் ஆகாரக் குறிக்கு வேறோர் எண், புள்ளிக்கு மற்றோர் எண் என்று பிரித்து வைத்துக்கொள்வது அதன் இயல்பு. பெயருக்கென ஒதுக்கப்பட்ட கட்டத்தில் 14 குறிகளுக்கு மேல் இடமில்லையெனில் பதினைந்தாவதாகிய புள்ளி வெட்டுண்டு போகும். எஞ்சுவது 'மீனாட்சியம்மாள'. ஆங்கிலத்திற் பெயர் வெட்டுண்டால் ஓரெழுத்துக் குறையும். அதனைக் கண்டவர் குறையெனவே அறிவர். தமிழிலோ எழுத்துக் குறைவதில்லை. ஓர் எழுத்து வேறோர் எழுத்தாகிவிடுகின்றது. ளகர மெய் ளகர உயிர்மெய்யாகிறது. மொழிநூலார் நோக்கில் இது சிறிய மாற்றமன்று.

நடைமுறை நோக்கிலும் அன்று. பிறப்புச் சான்றிதழில் ஒருவகையாகவும் அடையாள அட்டையில் இன்னொருவகையாகவும் பெயர் அமையின், இரண்டும் ஒருவரையே குறிக்கின்றனவா என்ற வினா எழும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்த வழக்குத் தீர்வதற்குக் காத்திருந்த ஒரு சமூகத்தினரிடம், 'ஒரு புள்ளிதானே' என்று எவரும் எளிதிற் கூறிவிட முடியாது. தாளில் உள்ள பெயரின் அருமையை அவர்கள் அறிவர்.

புள்ளியைப் பற்றி நமது இலக்கணகாரர் கொண்ட கருத்து தெளிவானது. மெய்யெழுத்தின் இயல்பே புள்ளியொடு நிற்றல் என்பது தொல்காப்பியர் துணிபு. அகரம் ஏறும்போது அப்புள்ளி நீங்க, உருவம் எஞ்சுகின்றது. எனவே, அவர் கணக்கில் 'க்' என்பதே முதற்பொருள். 'க' அதன்மேல் உயிர் ஏறியதால் விளைந்தது. எகர ஒகரக் குறில்களும் அக்காலத்திற் புள்ளி பெற்றன. மகரக்குறுக்கத்துக்கு எழுத்தின் உள்ளேயும் ஒரு புள்ளி கூறப்பட்டது. இவ்வுட்புள்ளியை இன்றைய விசைப்பலகையில் எழுதிக்காட்ட வழியில்லை. புள்ளி பெற்ற எகரத்தைத் தட்டச்சு செய்ய முனைந்தாலோ, சில செயலிகள் உயிரின்மேற் புள்ளியை ஏற்க மறுத்து வெற்று வட்டமொன்றைக் காட்டி நிற்கும். எழுத்ததிகாரத்துக்கு உரையெழுத முற்படும் மாணவன் முதல் இயலிலேயே இவ்விடரைச் சந்திப்பான்.

இக்கருத்துக்கு நேர்மாறானது பொறியின் கருத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் வழங்கும் யூனிக்கோட் முறை 1991ஆம் ஆண்டிலே முதன்முதல் வெளிவந்தது. இந்திய எழுத்துகளைப் பொறுத்தவரை அது 1988ஆம் ஆண்டின் இந்தியத் தர அமைப்பைத் தழுவியது. தேவநாகரியை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட அவ்வமைப்பின் சட்டகத்திலே பிற எழுத்துகளும் பொருத்தப்பட்டன. அகரம் ஏறிய 'க' அங்கு மூலம். அகரத்தைக் கொல்லும் குறி பின்னர் வந்து சேர்வது. அக்குறிக்குத் தமிழ்ப் பகுதியிலும் 'விராமம்' என்றே பெயரிட்டனர். ஆய்தம் 'விசர்க்கம்' ஆயிற்று. தமிழில் இல்லாத 'அனுஸ்வாரம்' ஒன்றுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. அது தமிழில் வழங்குவதில்லை என்று பின்னர் அவர்களே குறிப்பெழுத நேர்ந்தது. இல்லாத குறிக்கு இடமும், இருந்த உட்புள்ளிக்கு இடமின்மையும் ஒரே அட்டவணையில் நேர்ந்திருப்பது, சட்டகம் முதலிலும் மொழி பின்னரும் வந்தமையின் விளைவேயாகும்.

எனினும், இதனை முற்றிலும் தவறென ஒதுக்குதல் நியாயமன்று. வடிவத்தை மட்டும் நோக்கின் 'க'வின்மேல் ஒரு புள்ளி இடுவதாலேயே 'க்' கிடைக்கின்றது. எழுதும் கையும் அவ்வாறே செய்கின்றது. தொல்காப்பியர் ஒலியின் பிறப்பொழுங்கைக் கூறினார். பொறி வகுத்தோர் வரிவடிவத்தின் ஒழுங்கைக் கொண்டனர். இரண்டிற் பின்னதைக் கொண்டதால் எங்கே இடறல் நேர்கின்றது என்பதே விமரிசகன் நோக்கவேண்டியது. அகராதி வரிசை அத்தகையதோர் இடம். சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதியில் 'அக்கம்' முன்னும் 'அகம்' பின்னுமாக வரும். மெய் முந்துவது மரபு. குறியெண்களை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் பொறியிலோ, புள்ளியின் எண் உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பிற்பட்டதாதலின், 'அக்கம்' கடைசிக்குத் தள்ளப்படும். குறுஞ்செய்தி இன்னோர் இடம். ஆங்கிலத்திற்கு 160 குறிகள் கொள்ளும் ஒரு செய்தி தமிழுக்கு 70 குறிகளே கொள்ளும். அந்த 70இல் ஒவ்வொரு புள்ளியும் ஓர் இடத்தைப் பிடிக்கின்றது. மெய்கள் மிகுந்த மொழியைப் பேசுவோர் அதற்கெனத் தனியே ஒரு வரி செலுத்துகின்றனர் எனலாம்.

இத்தகைய இடர்ப்பாடு தமிழுக்கு மட்டும் உரியதா என்று தேடியபோதே திபெத்திய எழுத்தின் வரலாறு கண்ணிற்பட்டது. நமது துறைக்குச் சற்றும் தொடர்பில்லாதது போலத் தோன்றினும், ஒப்பியல் நோக்கில் இதனினும் பொருத்தமான உதாரணம் கிடைத்தற்கரிது. திபெத்திய எழுத்தும் இந்திய எழுத்தின் வழிவந்ததே. அங்கும் வெற்றெழுத்தில் அகரம் உள்ளுறைந்திருக்கும். ஆயின் மெய்கள் அடுத்து வரும்போது ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி எழுதப்படும். அசை ஒவ்வொன்றும் முடிந்ததும் தோளருகே ஒரு சிறு புள்ளி இடப்படும். அதற்குத் 'த்செக்' என்று பெயர். நமது புள்ளி உயிரின்மையைச் சொல்கிறது, அவர்களது புள்ளி அசையின் எல்லையைச் சொல்கிறது. எல்லை தெரிந்துவிடுவதால் உயிரைக் கொல்லும் குறி சொந்தச் சொற்களில் அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. வடமொழிச் சொற்களை எழுதும்போதே அது தோன்றும்.

1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலே திபெத்திய எழுத்தும் விராமச் சட்டகத்திலேயே அடைக்கப்பட்டது. மெய்களை அடுக்குவதற்கான கட்டளையாகவும், வடமொழிச் சொல்லிற் கண்ணுக்குத் தெரியவேண்டிய குறியாகவும் ஒரே விராமம் பயன்படுத்தப்பட்டது. விளைவாக, அடுக்கு எது, வெளிப்படையான குறி எது என்று பொறியினால் வேறுபடுத்த இயலவில்லை. குறை உணரப்பட்டது, 1992இலே திபெத்தியப் பகுதி முழுவதுமாக நீக்கப்பட்டது. 1996இலே, அடுக்கின் கீழே வரும் மெய்களுக்குத் தனித்தனி எண் கொடுத்து, முற்றிலும் புதிய அமைப்பொன்று உருவாக்கப்பட்டது. முன்னர் அது இருந்த இடத்திற் பின்னர் பர்மிய எழுத்து குடியேறியது. ஓர் எழுத்துமுறையின் இயல்புக்குச் சட்டகம் பொருந்தாதபோது சட்டகத்தையே கைவிட்ட இச்செயல் பாராட்டுக்குரியது.

திபெத்தியருக்குக் கிடைத்த நுணுக்கமும் வியக்கத்தக்கது. த்செக் என்ற அச்சிறு புள்ளிக்கே இரு எண்கள் உள. தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. ஒன்றன்பின் வரி முறியலாம், மற்றதன்பின் முறியலாகாது. பூட்டானிலே கடிதத்தின் தலையில் இடப்படும் குறிகள் இன்னும் சுவையானவை. ஆணையாக வரும் மடலுக்கு ஒன்று, ஒத்த நிலையினருக்கு எழுதும் மடலுக்கு ஒன்று, விண்ணப்பத்துக்கு ஒன்று என்று எழுதுவோர்-பெறுவோர் நிலைக்கேற்ப அவை வேறுபடும். இவை யாவும் தனித்தனி எண் பெற்றுள்ளன. நாம் கடிதத்தின் தலையிற் பிள்ளையார் சுழி இடும் மரபுடையோம்; கணினியிலே அதற்குப் பதிலாக உகரத்தைத் தட்டிவிட்டு அமைகின்றோம். அது எழுத்தா குறியா என்று எவரும் கேட்டதில்லை. இவ்விடத்து ஒன்றை மறைத்தலாகாது: நமது பழங்கணக்குக் குறிகள் புறக்கணிக்கப்பட்டன என்று மேடைகளிற் சொல்லப்படுவது பொருந்தாது. நாள், மாதம், வரவு, பற்று முதலியவற்றைக் குறிப்பன 2003இலும், முந்திரி முதலான கீழ்வாயிலக்கங்கள் உள்ளிட்ட 51 குறிகள் 2019இலும் எண் பெற்றுவிட்டன. அவற்றை எழுதுவோர்தாம் அரியர்.

திபெத்தியருக்கு நேர்ந்தது தமிழுக்கு ஏன் நேரவில்லை? காலமே முதற் காரணம். 1996ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிலிருந்து ஒரு விதி நடைமுறைக்கு வந்தது: ஒருமுறை எண் பெற்ற எழுத்து இனி நீக்கப்படாது, இடம் மாற்றப்படாது, அதன் பெயரும் திருத்தப்படாது. உலகெங்கும் சேமிக்கப்பட்ட ஆவணங்கள் பழுதாகாதிருக்க இவ்விதி இன்றியமையாதது. அதன் கடுமைக்கு ஓர் உதாரணம் காட்டலாம். மேற்கூறிய பூட்டானியத் தலைக்குறிகளுள் ஒன்றன் ஆங்கிலப் பெயரிலே வேண்டாத 'எஸ்' ஒன்று நுழைந்துவிட்டது. பிழையென ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரும் பெயர் அப்படியே நிற்கின்றது. அருகே ஒரு திருத்தக் குறிப்பு மட்டும் உண்டு. புள்ளி 'விராம'மாகவும் ஆய்தம் 'விசர்க்க'மாகவும் என்றும் நிலைத்திருக்கப்போவதும் இவ்விதியாலேதான். கதவு மூடுமுன் திபெத்தியம் திருத்தப்பட்டது. தமிழ் திருத்தப்படவில்லை.

கதவு திறந்திருந்த அந்த ஐந்தாண்டுகளிலே நமது புலமையாளர் எங்கிருந்தனர் என்ற கேள்வி கசப்பானது. ஈழத்தில் அக்காலம் போர்க்காலம்; மின்சாரமும் கடதாசியும் அரிதாயிருந்த யாழ்ப்பாணத்தாரைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. ஆயின் தமிழ்கூறும் பிற நிலங்களிலும் புள்ளியின் இலக்கணம் அறிந்தோர் அதனைப் பொறியியலாரின் காரியமென விட்டுவிட்டனர் என்பதே எனது எண்ணம். எழுத்துக்கு எண் வழங்குதல் தொழில்நுட்பக் காரியமன்று. எது எழுத்து, எது குறி, எது மூலம், எது சார்பு என்று முடிவு செய்வது எழுத்ததிகாரத்தின் வேலை. நூன்மரபை மனனஞ் செய்வித்த நாம், நூன்மரபு புதிதாக எழுதப்பட்ட இடத்திற் சமூகமளிக்கவில்லை.

பிற்காலத்தில் எழுந்த மாற்று முயற்சிகளையும் சற்று நோக்குதல் வேண்டும். தமிழ்நாட்டரசு 2010இலே யூனிக்கோட்டுடன் 'டேஸ் 16' என்ற அமைப்பையும் ஏற்றுக்கொண்டது. உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் வழங்கியமையால் 'க்' அங்கு முழு எழுத்தாகவே நிற்கின்றது. எண்ணலும் வரிசைப்படுத்தலும் எளிதாகின்றன. இலக்கண உணர்வுடையோர் இதில் மகிழ்வது இயல்பே. ஆயின் அது குடியிருப்பது எவரும் தத்தம் விருப்பப்படி பயன்படுத்தத்தக்க தனியார் பகுதியிலே. அனுப்புவோரும் பெறுவோரும் உடன்பட்டாலன்றி அவ்வெண்கள் பொருள்படா. திபெத்தியத்துக்கும் இவ்வாறே, அடுக்குகளை முழுமுழு எழுத்துகளாகக் கொண்டு 900க்கும் மேற்பட்ட எண்கள் வேண்டுமெனச் சீனம் 2002இலே கோரியது. அது ஏற்கப்படவில்லை. ஒரே சொல்லை இருவகையாக எழுத இடமளித்தால் தேடல் சிதறும் என்பதே அங்கு வைக்கப்பட்ட மறுப்பின் சாரம்.

அச்சிதறலை நாமும் அறிவோம். 'ஸ்ரீ' என்ற எழுத்தைச் சகரத்தின் ஒருவகையாகக் கொண்டு எழுதுவதா, மற்றொருவகையாகக் கொண்டு எழுதுவதா என்ற குழப்பம் 2005இலே புதிய எழுத்தொன்று சேர்க்கப்பட்டதிலிருந்து தொடர்கின்றது. திரையில் இரண்டும் ஒன்றே. பொறிக்கு இரண்டும் வேறு. ஸ்ரீ தலதா மாளிகை பற்றி ஒருவர் எழுதிய கட்டுரை மற்றவரின் தேடலில் அகப்படாது போகலாம். சிங்கள நண்பர்களின் நிலையும் வேறன்று. அவர்களது 'ஸ்ரீ' கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியொன்றை நம்பி நிற்கின்றது. அக்குறி வழியில் உதிர்ந்தால் நாட்டின் பெயரே உடைந்து தோன்றும். ஆயினும் ஒன்று சொல்லவேண்டும்: ஓலைச்சுவடிகளில் வாக்கிய முடிவைக் காட்டிய, இன்று வழக்கிழந்த 'குண்டலிய' என்ற குறியையும் தம் பகுதியில் ஓரிடம் பெறுமாறு அவர்கள் பார்த்துக்கொண்டனர்.

ஆதலின் புதிய எண்களைக் கோருவதிற் பயனில்லை என்பதே எனது துணிபு. புள்ளியின் இடம் அட்டவணையில் முடிந்துபோன காரியம். முடியாதது, அதனை எவ்வாறு எண்ணுவது என்பது. வாசகன் ஓரெழுத்தாகக் கொள்வதை ஒரே தொகுதியாக எண்ணுவதற்கான விதிகள் யூனிக்கோட் முறையின் இணைப்பிலேயே எழுதப்பட்டுள்ளன. அவற்றின்படி 'ள்' ஒன்றுதான். தமிழ் அகராதி வரிசைக்கான விதிகளும் உண்டு. இலங்கைக்கெனத் தமிழ்க் கணினித் தரமொன்றும் 2008இலே வகுக்கப்பட்டது. நான் கண்ட பட்டியலைத் தயாரித்த பொறி இவ்விதிகளை மீறவில்லை. அவற்றைக் கேள்விப்படவே இல்லை. கட்டத்தின் நீளத்தை வகுத்தவர் ஆங்கிலப் பெயரை மனத்திற்கொண்டு வகுத்தார், அவ்வளவே.

இனி, இவ்விடயத்தின் மறுபக்கமொன்றையும் நோக்குதல் வேண்டும். பொறி புள்ளியை உதிர்க்கின்றது என்று முறையிடும் நாம், நமது முன்னோரே அதனை இடாது விட்டனர் என்பதையும் மறத்தலாகாது. ஓலையிலும் கல்லிலும் புள்ளி பெரும்பாலும் இடம்பெறவில்லை. 'கலவி' என்றிருப்பதைக் கல்வி என்பதா, கலவி என்பதா என்று இடம் நோக்கியே முடிவுசெய்தனர். எகர ஏகாரங்களும் வேறுபாடின்றிக் கிடந்தன. 'எரி'யும் 'ஏரி'யும் ஓருருவே பெற்றன. வீரமாமுனிவர் (1680-1747) இதற்கொரு வழிசெய்தார். 1885இலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இலே கலித்தொகையையும் அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஒவ்வொரு மெய்யிலும் புள்ளி இட்டபோது, எழுத்தை நிரப்பியதோடு அமையவில்லை, பொருளையும் துணிந்தார். அவருடைய பதிப்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு தீர்ப்பு. நாம் அதனை மூலமென வாசிக்கின்றோம்.

பேராதனைக்கு இச்செய்தி அந்நியமானதன்று. ஆ. வேலுப்பிள்ளை இங்கிருந்து இலங்கைத் தமிழ்ச் சாசனங்களை 1971இலும் 1972இலும் இரு பகுதிகளாக வெளியிட்டார். பிலிமத்தலாவைக்கு அப்பால், உடுநுவரையிலுள்ள லங்காதிலக விகாரை நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344ஆம் ஆண்டளவில் எழுந்தது. அங்குள்ள பாறையிலே சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. இத்தகைய சாசனமொன்றைக் கணினியில் ஏற்ற முற்படும் மாணவன் தனது முதல் மெய்யிலேயே தடுமாறுவான். புள்ளியில்லாத எழுத்தைக் கல்லில் உள்ளவாறே ஏற்றினால், பொறி அதனை அகரமேறிய உயிர்மெய் என்றே கொள்ளும். கல்லை வெட்டியவன் அவ்வாறு கருதினானல்லன். புள்ளியிட்டு ஏற்றினால், அப்புள்ளி கல்லில் உள்ளதா பதிப்பித்தவன் இட்டதா என்பது மறைந்துபோகும். 'மெய்யோ உயிர்மெய்யோ இன்னும் துணியப்படவில்லை' என்று சொல்லும் எழுத்து அட்டவணையில் இல்லை. அடுக்கையும் வெளிப்படைக் குறியையும் ஒன்றாக்கிய 1991ஆம் ஆண்டின் திபெத்திய இடர்ப்பாடு இதற்கு உறவானதே.

எனவே இரண்டு பாடங்களை ஏற்றுதல் வேண்டும் என்று கருதுகின்றேன். முதல் வரியிற் கல்லில் உள்ளவாறு. அதன்கீழ் வாசித்தவன் புள்ளியிட்டவாறு. அச்சுப் பதிப்பில் இது கடதாசி வீணென்று தோன்றியிருக்கலாம். கணினியில் இடம் ஒரு பொருட்டன்று. முதல் வரியைத் தட்டும்போது செயலி அதனைப் பிழையெனச் சிவப்புக் கோடிட்டுக் காட்டும். கோட்டைப் பொருட்படுத்தாது மேலே செல்லவேண்டியதுதான். இரண்டாம் வரியில் இடப்படும் ஒவ்வொரு புள்ளிக்கும், இட்டவர் இன்னார் என்று பெயர் குறிக்கப்படல் வேண்டும். அப்பெயரைக் குறிக்கும் கட்டத்துக்கு எத்தனை குறிகள் ஒதுக்குவது என்பதை மட்டும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.